‘இரண்டாம் உலகம்’: ஒரு வழக்குரை

பலரும் பழித்த ஒன்றைப் புகழப் புகுவோன் இருவகைப் பழிக்கு ஆளாவான். அறியாமையுடையான் என்பது ஒன்று. ஊரெல்லாம் ஒருபுறம் நிற்கத் தான்மட்டும் மறுபுறம் நின்று தன் அறிவைக் காட்டிக்கொள்ளும் செருக்குடையான் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எம்மேல் வரினும் வருக என்று துணிந்தே, 2013-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் வெளிவந்து, மதிப்புரையாளர் பலராலும் குறைகூறப்பட்டு, எதிர்பார்த்த வரவேற்பைப் பெறாதொழிந்த ‘இரண்டாம் உலகம்’ என்னும் திரைப்படத்திற்காக ஈண்டு வழக்குரைக்க முன்வருகின்றோம்.

கல்லூரி மலரிற் சினிமாவுக்கு இடமுண்டோ என ஐயுறும் அன்பர்க்கு முதற்கண் ஒன்று சொல்வோம். யாம் கொடுங்கையூரிற் பிறந்து வளர்ந்து, அங்கிருந்தே நாடோறும் இக்கல்லூரிக்கு வருபவர். எம்மூர்ப் பக்கத்து மக்கட்கு நூலகத்தினும் நாடக மன்றத்தினும் சினிமாக் கொட்டகையே நெடுங்காலம் அணித்தாயிருந்த கலைக்கூடம். தண்டையார்பேட்டையில் 1967-இல் திறக்கப்பெற்ற அகஸ்தியா கொட்டகை 2020-இல் மூடப்பட்டபோது, வீட்டு முதியோர் ஒருவரை இழந்தாற்போல வருந்தினவர் எம் தெருவிலேயே பலர். உழைத்துக் களைத்த மக்கள் தம் கனவுகளை எங்கே கண்டனரோ, அவ்விடத்தைக் கற்றோர் ஆராயாது விடுதல் முறையன்று. ஆதலின் இக்கட்டுரைக்கு இம்மலரில் இடமுண்டென்றே கொள்கின்றோம்.

படத்தை இயக்கியவர் செல்வராகவன். ஆர்யாவும் அனுஷ்காவும் ஒவ்வொருவரும் இருவேறு மாந்தராய் நடித்துள்ளனர். ஒளிப்பதிவு ராம்ஜி; பாடல்களுக்கு இசை ஹாரிஸ் ஜெயராஜ்; பின்னணி இசை அனிருத். காட்சிகளிற் பெரும்பகுதி ஜார்ஜியா நாட்டின் மலைகளிலும் காடுகளிலும் எடுக்கப்பட்டது.

கதையைச் சுருங்கச் சொல்வோம். உலகங்கள் இரண்டு. ஒன்று நம்முடையது. இங்கே ரம்யா என்னும் மருத்துவப் பெண், நோயுற்ற தந்தையைப் பேணிவரும் மது என்னும் இளைஞனை விரும்பித் தானே சென்று தன் உள்ளத்தை உரைக்கின்றாள். அவன் முதலில் மறுக்கின்றான். பின்னர்த் தானே அவளை நாடிச் செல்கின்றான். இருவர் உள்ளமும் ஒன்றுபட்ட சின்னாளில் அவள் விபத்தொன்றில் இறந்துபடுகின்றாள். மற்றோர் உலகம் வேறு வானும் வேறு விலங்கும் வேறு அரசும் உடையது. அங்கே மாந்தர் உளர், காதல் இல்லை. பெண்டிர் அடிமைகளைப்போல் நடத்தப்படுகின்றனர். அவ்வுலகில் ரம்யாவின் முகத்தோடு வர்ணா என்னும் போர்த்திறம் வாய்ந்த பெண்ணொருத்தியும், மதுவின் முகத்தோடு படைத்தலைவன் மகனொருவனும் வாழ்கின்றனர். அவன் அவளை விரும்புகின்றான். அவளோ ஆடவரை வெறுக்கின்றாள். அவ்வுலகத்தார் அம்மா என்று போற்றும் தெய்வத்தன்மை வாய்ந்த ஒருத்தி, அங்கே காதல் என்பதொன்று மலரவேண்டுமென விழைந்து, துணையை இழந்து தவிக்கும் மதுவைத் தன் உலகிற்கு வரவழைக்கின்றாள்.

இனி, மதிப்புரையாளர் கூறிய குற்றங்களைத் தொகுத்து நோக்கின் அவை மூன்றாகும். ஏறத்தாழ இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓடும் இப்படம் மிக நெடிது, மெல்ல நகர்வது என்பது ஒன்று. அதன் கற்பனையுலகம் நம்பத்தக்கதாய் அமையவில்லை என்பது இரண்டு. பெரும்பொருள் செலவிட்டும் மக்கள் மனத்தைக் கவரவில்லை என்பது மூன்று.

இவற்றுள் உண்மை சிறிதும் இல்லையென யாம் சாதிக்க வரவில்லை. அயல்நாட்டு நடிகர் வாயசைவும் அவர்க்குக் கொடுத்த தமிழ்க் குரலும் பலவிடத்துப் பொருந்தவில்லை. அவ்வுலகத்து அரசு எங்ஙனம் நடக்கின்றது, பகைவர் யாவர், மக்கள் எதை உண்டு எத்தொழில் செய்து வாழ்கின்றனர் என்பவற்றைப் படம் தெளிவாகக் காட்டவில்லை. பொறியாற் படைத்த விலங்குகள் சிலவிடத்துப் பொம்மைபோற் காண்கின்றன. நம் உலகப் பகுதியில் நண்பர் கூட்டத்தின் வேடிக்கைப் பேச்சு, கதையின் கனத்திற்கு ஒவ்வாது கீழிறங்குகின்றது. இவையெல்லாம் குறைகளே. ஆயின், வீட்டின் சுவரில் வெடிப்புண்டு என்பதும் வீடு வீணென்பதும் ஒன்றல்ல. வெடிப்பை எண்ணியவர் வீட்டினுள் புகுந்து பார்த்தனரா என்பதே எம் வினா.

நீளத்தை முதலில் நோக்குவோம். நீளம் தன்னளவிற் குற்றமாயின், விடிய விடிய நடக்கும் நம் தெருக்கூத்துக்குக் கூட்டம் கூடியிராது. நெடிய கதைக்கு நெடிய காரணம் உண்டோ என்பதே கேட்கத்தக்கது. இப்படத்தில் அக்காரணம் உண்டு. ஓர் உலகில் பெண் கேட்கின்றாள், ஆண் மறுக்கின்றான். மற்றோர் உலகில் ஆண் கேட்கின்றான், பெண் மறுக்கின்றாள். இவ்விரண்டு மறுப்பும் எதிரெதிர் வைத்த கண்ணாடிகள். ஓர் உலகில் ஆண் ‘இல்லை’ என்றால் அவன் தந்தையைப் பேணும் கடமையுடையான் என்று எல்லாரும் ஏற்றுக்கொள்கின்றனர். மற்றோர் உலகில் பெண் ‘இல்லை’ என்றால், அரசாணையால் அவளுக்கு மணம் முடிக்கின்றனர். அவள் சினந்து ஆயுதம் எடுக்க, ஊரைவிட்டே துரத்துகின்றனர். இவ்வேறுபாட்டைக் காணவேண்டுமாயின் இரண்டு கதையும் முழுமையாய் நடந்தாக வேண்டும். ஒன்றைக் குறைத்தால் மற்றது பொருளிழக்கும். காத்திருத்தலே பொருளாகிய கதையைக் காத்திராமற் காண விரும்புதல், பழுக்குமுன் பறித்த காயைப் புளிக்கின்றதென்று பழிப்பதை ஒக்கும்.

அடுத்து, நம்பத்தக்கதன்று என்னும் குற்றம். இதனைக் கூறுவோர் தமிழ்க் கதை மரபை மறந்தனர் போலும். மணிமேகலையைக் கடற்றெய்வம் மணிபல்லவத்தீவிற் கொண்டு வைக்க, அங்கே புத்தபீடிகையைக் கண்டு அவள் தன் முற்பிறப்பை உணர்கின்றாள். நம் பாட்டிமார் கற்ற கதைகளோ இன்னும் துணிவுடையன. எம் வடசென்னையின் கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸார் அச்சிட்டுப் பரப்பிய பெரிய எழுத்துப் புத்தகங்களில் அல்லியரசாணி மாலையும் விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் வீடுதோறும் புகுந்தன. ஆடவரை அணுகவிடாது தனியே அரசாண்ட அல்லியின் கதையைக் கேட்டு வளர்ந்த மக்கட்கு, வாளேந்திய வர்ணா புதியவள் அல்லள். பேசும்படம் வந்தபின்னும் இம்மரபு அறவில்லை. 1944-இல் பி. யு. சின்னப்பா நடித்து வெளிவந்த ‘ஜகதலப்பிரதாபன்’ தேவருலகக் கன்னியரைத் தேடிச் செல்லும் அரசகுமாரன் கதையே. அக்காலத்தார் அதனை நம்பவில்லை. ஆயின் மகிழ்ந்து ஏற்றனர். கதையுலகம் மெய்யோ என்று எவரும் வினவார். அது தனக்குள் எதைச் சொல்கின்றது என்றே வினவுவர்.

அங்ஙனம் வினவின் இப்படம் சொல்வது யாது? இங்குத்தான் மதிப்புரையாளர் பலர் கண்ணை ஓட்டிவிட்டுச் சென்றனர் என்பது எம் கருத்து. இறந்த ரம்யாவின் முகத்தை மது வேறோர் உலகிற் காண்கின்றான். சாதாரண சினிமாக் கதையாயின் அடுத்து நடப்பதை நாம் எளிதில் ஊகிப்போம்: அவள் இவனை அறிந்துகொள்வாள், பிறவி கடந்த காதல் வென்றதென்று திரை விழும். 1963-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’ முதலாக மறுபிறப்புக் காதற் படங்கள் பலவும் இவ்வழிச் சென்றன. ‘இரண்டாம் உலகம்’ அவ்வழிச் செல்லவில்லை. முகம் ஒன்றே, ஆள் வேறு. அவள் வர்ணா, ரம்யா அல்லள். அவளுக்குத் தன் வாழ்வும் தன் சினமும் தன் விருப்பும் உண்டு. தன்னிழப்பைக் காரணங்காட்டி அவளை உரிமைகொள்ள மதுவுக்கு எந்த நியாயமும் இல்லை. அதை அவன் மெல்ல மெல்ல உணர்ந்து, அவளை விரும்பும் மற்றவனுக்கே துணைநின்று, காதல் என்பது பிடித்து அடக்குதல் அன்று என்பதை அவ்வுலகத்திற்குக் கற்பிக்கின்றான். தான் இழந்ததைப் பிறர் பெறும்படி செய்து விலகுகின்றான்.

முகத்தைக் கண்டு ஆளெனக் கொள்ளும் பிழையின் கொடுமையைத் தமிழ் முன்னமே அறியும். மணிமேகலை காயசண்டிகையின் உருவை மேற்கொண்டிருந்தபோது, அவளைத் தன் மனைவியெனவே எண்ணிய விஞ்சையன் காஞ்சனன், பொறாமைகொண்டு உதயகுமாரனை வாளால் வெட்டி வீழ்த்தினான். அவ்வுதயகுமாரனோ முற்பிறப்பில் அவள் கணவன். அதை அறிந்தும், அவன்பால் உள்ளம் நெகிழ்ந்தும், அப்பழைய உறவு இப்பிறப்பில் தன்னைக் கட்டுப்படுத்தாதென்று அவள் தன் வழியே சென்றாள். பல நூற்றாண்டுகட்கு முன்னர்ச் சாத்தனார் கண்ட இந்நுட்பத்தை நம் காலத்துத் திரைப்படமொன்று மீண்டும் தொட்டிருக்கின்றது. அதனைப் பாராட்டாது, விலங்கின் மயிர் சரியாய் அசையவில்லையென எழுதினோரை என்னென்பது!

நிற்க. இப்படத்திற்காக யாம் இத்துணை வாதாடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அஃது எம் ஊரைப் பற்றியது.

கொடுங்கையூர் என்றவுடன் சென்னையில் எவர்க்கும் நினைவுக்கு வருவது குப்பைமேடு. வடசென்னையின் குப்பையெல்லாம் பல்லாண்டுகளாகக் கொணர்ந்து கொட்டப்பட்ட அப்பெருவெளி நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்புடையது. அது தீப்பற்றிப் புகையும் நாட்களில் எம் வீட்டுச் சாளரங்கள் திறவா. குப்பையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் பணியை மாநகராட்சி தொடங்கியுள்ளது. ஆயினும் எம் தலைமுறை அதன் அருகிலேயே வளர்ந்து முடிந்தது. இதில் வியப்பு யாதெனின், எமக்கு அந்நாற்றம் தெரிவதில்லை. வெளியூர் உறவினர் வந்து வாயிலிலேயே மூக்கைப் பொத்தும்போதுதான் ‘ஆம், இங்கு நாற்றமடிக்கின்றது’ என்பது எமக்கு நினைவு வரும். பிறந்தது முதல் பழகியதை மனிதன் இயல்பென்று கொள்கின்றான். வேறொன்றைக் காணுமளவும் அவனுக்கு அஃது இயல்பே.

கற்பனைக் கதையின் பயன் இதுவே என்று கருதுகின்றோம். அது வாயிலில் நின்று மூக்கைப் பொத்தும் விருந்தினன். சில ஆண்டுகட்கு முன் எம் வீட்டுத் தொலைக்காட்சியில் இப்படம் ஓடியபோது, அண்டை வீட்டுப் பெரியம்மா ஒருவர் உடனிருந்து பார்த்தார். எழுதப்படிக்க அறியாதவர்; பதினாறு வயதில் மாமன் மகனுக்கு மணமுடிக்கப்பட்டவர்; மிக மெல்ல நகர்கின்றது என்று பிறர் சொன்ன படத்தை எழுந்திராமற் பார்த்தவர். வர்ணாவைக் கேளாமலே மணமுடிக்கும் காட்சி வந்தபோது, “நம்மளையும் யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே! அப்போ அது தப்புன்னே தோணல” என்றார். அவ்வளவே. பின்பு எழுந்து சென்று அடுப்பைக் கவனித்தார். அறுபது ஆண்டுகளாய்த் தம் வாழ்விற் காணாததை, வேறு வானும் வேறு விலங்கும் உடைய ஓர் உலகில் அவர் கண்டார். அவர் தெருவையே அவர்க்குக் காட்டியிருந்தால் கண்டிருப்பாரா என்பது எமக்கு ஐயமே. தெருவை அவர் அன்றாடம் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்!

இங்கே கற்றறிந்தோர் கூறும் மறுப்பொன்று உண்டு. ‘உங்களைப் போன்றோர்க்கு வேண்டுவது உங்கள் வாழ்வைக் காட்டும் மெய்ப்படங்கள், கனவுப் படங்கள் உங்களை மயக்கிவிடும்’ என்பர். மெய்ப்படங்களை யாம் வெறுக்கவில்லை. இதே செல்வராகவன் 2006-இல் இயக்கிய ‘புதுப்பேட்டை’யையும், வியாசர்பாடியைக் களமாய்க் கொண்டு 2014-இல் வந்த ‘மெட்ரா’ஸையும், 2018-இல் வந்த ‘வட சென்னை’யையும், 2021-இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யையும் எம்மவர் தம் படமென்றே கொண்டாடினர், யாமும் கொண்டாடினோம். ஆயின், ஒருவனைக் காணுந்தோறும் அவன் வீட்டு முகவரியையே நினைவூட்டிக்கொண்டிருத்தல் மரியாதையாகாது. எம்மைப் பற்றிய கதையென்றால் கத்தியும் கூட்டமும் குப்பமும் சிறையும் என்றே முடிவுகட்டிவிட்டு, பனிமலையும் பூவும் இரண்டு நிலவும் பிறர்க்கென ஒதுக்குவது எவ்வகை நீதி? மெய் காண்பதும் எமக்கு உரியது; கனவு காண்பதும் எமக்கு உரியது. ‘புதுப்பேட்டை’ எடுத்தவரே ‘இரண்டாம் உலக’மும் எடுத்தார் என்பதை யாம் அவர் வழுவியதாகக் கொள்ளவில்லை; ஒரே கவலையை இரண்டு வழியிற் சொன்னதாகவே கொள்கின்றோம்.

எஞ்சியது மூன்றாங் குற்றம்: மக்கள் மனத்தைக் கவரவில்லை என்பது. இதற்குக் காலமே விடை கூறத்தக்கது. செருமானிய இயக்குநர் பிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் நெடுங்கற்பனைப் படம் 1927 சனவரியிற் பெர்லினில் வெளிவந்தது. அதிலும் ஒரே முகத்தோடு இருவர்: ஒருத்தி மரியா என்னும் நல்லாள், மற்றொன்று அவள் முகம் பொருத்திய பொறிப்பெண். பெரும்பொருள் விழுங்கிய அப்படத்தை நீளமென்று வெட்டிச் சுருக்கினர். எச். ஜி. வெல்ஸ் போன்ற பேரறிஞரே அதனை மடமை மிக்கதென்று கடிந்தெழுதினார். அதே படம் 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. வெட்டியெறிந்த பகுதிகளை உலகெங்குந் தேடினர். 2008-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் அவற்றிற் பெரும்பகுதியைக் கண்டெடுத்து மகிழ்ந்தனர். நீளமென்று எறிந்ததையே பின்னோர் பொன்போல் தேடினர் என்பது எண்ணத்தக்கது. நம் நாட்டிலும், செல்வராகவன் 2010-இல் இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளிவந்த காலத்திற் பலரால் குழப்பமென்று ஒதுக்கப்பட்டு, பிற்காலத்து இளைஞரால் மீண்டும் கொட்டகையிற் கண்டு போற்றப்பட்டது.

‘இரண்டாம் உலக’மும் அவ்வாறே உயர்த்தப்படும் என யாம் குறிசொல்ல மாட்டோம். அஃது அவற்றோடு ஒத்த தரத்ததென்றும் சாதியோம். மேற்கூறிய குறைகள் அதனைத் தாழ்த்தவே செய்யும். யாம் வேண்டுவது இவ்வளவே: ஒரு படைப்பைத் தூக்கும்போது அதன் தையல் பிரிந்த இடங்களை மட்டும் எண்ணாமல், அது எதைப் போர்த்தவந்தது என்பதையும் நோக்குக. பெண்ணின் ‘இல்லை’ என்னும் சொல்லுக்கு மதிப்பில்லாத நாட்டிற் காதலென்பது பெயரளவிற்கும் இராது என்பதை, ஓர் உலகு முழுவதையும் புதிதாய்ப் படைத்து, பெரும்பொருளைப் பணயம் வைத்துச் சொல்ல முற்பட்ட தமிழ்ப்படம் வேறு யாது?

படத்தின் முடிவில் மது மூன்றாவதோர் உலகிற் கண்விழித்து, அங்கும் ரம்யாவின் முகத்தைக் காண்கின்றான். இதனைக் கேலிசெய்தோர் உளர். எமக்கோ அது கேலியாய்த் தோன்றவில்லை. ஓருலகத்திற் பெறாததைத் தேடி அடுத்த உலகிற்குச் செல்லும் பிடிவாதம், குப்பைமேட்டின் ஓரத்தில் வாழ்ந்துகொண்டே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்தந்தையரிடம் யாம் நாடோறும் காணும் பிடிவாதம். அவர்கள் நம் உலகம் இவ்வாறே இருந்தாக வேண்டுமென நம்பவில்லை. அங்ஙனம் நம்பியிருப்பின் இம்மலரில் இக்கட்டுரை எழுத யாம் வந்திரோம்.

ஆதலின் அன்பர்காள்! இப்படத்தைக் காணாதார் ஒருமுறை காண்க. முன்பு கண்டு இகழ்ந்தார், ஓய்வுள்ள ஒரு மாலையில், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றொருமுறை காண்க. கண்டபின்னும் எம்மோடு முரணுவீராயின், அம்முரண்பாட்டை எழுதி அடுத்த மலருக்கு அனுப்புக. யாம் மனம் மகிழ்ந்து படிப்போம்.